டர்பனின் உப்புக் காற்றில் பழைய பீட்டில்: துருவைத் தேய்ப்பதா, மூடுவதா, வெட்டிப் பற்றவைப்பதா?

மழைக்காலம் ஓய்ந்து காற்றில் ஈரம் குறையத் தொடங்கிய இந்த மே மாதத்தில், ஒரே கேள்வியோடு மூன்று பேர் என்னைத் தேடி வந்தார்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் தம்பி ஒருவர், தாத்தா விட்டுச்சென்ற 1969ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரை மறுபடியும் சாலையில் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறார். வெருலத்தில் இருக்கும் அக்கா ஒருவர், காலமான தம் கணவரின் காரை ஓட்டப்போவதில்லை. அது இனிமேலும் அழியாமல் இருந்தால் போதும் என்கிறார். அமன்சிம்தோட்டியில் கடலைப் பார்த்த வீட்டில் குடியிருக்கும் மூன்றாமவர், இந்த ஆண்டுக்குள் காரை விற்றுவிட எண்ணுகிறார். வீட்டுக் கராஜில் வைத்தே துருவைச் சரிசெய்ய முடியுமா, முடியுமென்றால் எந்த வழியில் இறங்குவது என்பதே மூவரும் கேட்டது.

தென்னாப்பிரிக்காவின் முதல் பீட்டில், இன்று காரியெகா என்று பெயர் மாறியிருக்கும் யூட்டன்ஹாக்கில் 1951 ஆகஸ்டு 31 அன்று ஆலையை விட்டு வெளியே வந்தது. 1979 தொடக்கத்தில் உற்பத்தி நின்றது. ஆகவே இங்கே தயாரான பீட்டில்களில் மிக இளையதற்கும் வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. அந்த வயதில் துரு இல்லாத கார் கடற்கரையில் கிடையாது. துரு எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதில்தான் ஒன்றுக்கொன்று வேறுபாடு. அதனால் "என் காருக்கு எந்த வழி நல்லது?" என்று கேட்பவரிடம் நான் முதலில் சொல்வது, காருக்கு ஒரு வழி என்று எதுவும் இல்லை, காரில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வழி உண்டு என்பதைத்தான். கீழே நான் பீட்டிலை வைத்தே பேசினாலும், டட்சன், கோர்ட்டினா, மினி வைத்திருப்பவர்களுக்கும் இந்த முறை பொருந்தும்; பாகங்களின் பெயர்தான் மாறும்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல் ஆழம். தரைவிரிப்பு, இருக்கை, அடிப்பூச்சு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கூர் மழுங்கிய திருப்புளியால் சந்தேகமான இடங்களை அழுத்திக் குத்திப் பாருங்கள். தகடு கல்லைப்போல் நின்றால் அது மேல்துரு. குழி விழுந்து, ஆனால் ஊடுருவாமல் நின்றால் அது அரிதுரு. திருப்புளி உள்ளே போய்விட்டால் அங்கே உலோகமே இல்லை, வண்ணம் மட்டும்தான் இருந்தது. வண்ணம் கொப்பளித்திருக்கும் இடத்தில் துரு பெரும்பாலும் பின்பக்கத்திலிருந்து முன்னால் வந்திருக்கும். இரும்பைவிடத் துரு பலமடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால்தான் அது பூச்சைத் தள்ளிக்கொண்டு எழுகிறது. வெளியே ஒரு காசளவு கொப்புளம் தெரிந்தால் உள்ளே உள்ளங்கையளவு அரிப்பை எதிர்பார்ப்பது நல்லது. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்; அது ஒட்டாத இடத்தில் யாரோ முன்பே பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பார்த்திருக்கிறார்கள்.

இரண்டாவது, அந்த இடம் சுமை தாங்குகிறதா என்பது. இதை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். பீட்டிலில் கதவுகளுக்குக் கீழே இருபுறமும் நீளவாட்டில் ஓடும் பெட்டிச் சட்டத்தை ஹீட்டர் சேனல் என்பார்கள். இயந்திரச் சூட்டில் வெதுவெதுப்பான காற்றை முன்பக்கம் கொண்டுபோகும் குழாயும் அதுதான், உடற்கூட்டை நிமிர்த்திப் பிடிக்கும் விட்டமும் அதுதான். முன் அச்சு பொருந்தும் தலைப்பகுதி, பின் ஷாக் அப்சார்பர் பிடிமானம், இருக்கை வார் மாட்டும் இடங்கள், இருக்கைத் தண்டவாளம் அமர்ந்த தரைத் தகடு, ஜாக் வைக்கும் இடம் ஆகியவையும் இந்த வகையில் சேரும். மட்கார்டு, பானட், இயந்திர மூடி, ஏறுபடி ஆகியவை தம் எடையை மட்டுமே தாங்குகின்றன.

மூன்றாவது, அந்தத் தகட்டின் மறுபக்கத்தை உங்கள் கை எட்டுமா என்பது. முன்பக்கத்தை எவ்வளவு அழகாகச் செய்தாலும், பின்பக்கத்தில் உப்பும் ஈரமும் தங்கியிருந்தால் வேலை அங்கிருந்து மறுபடியும் தொடங்கும். நான்காவது, கார் எங்கே நிற்கிறது என்பது. அமன்சிம்தோட்டியில் அலைத் தூவல் நேராக வந்து படிகிறது. சாட்ஸ்வொர்த் மேடுகள் சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருப்பதால் உப்பு குறைவு, ஆனால் கோடை ஈரம் அங்கேயும் குறைவதில்லை. உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் இழுத்துக்கொள்வதால், மழை பெய்யாத நாளிலும் தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப்படலம் இருந்துகொண்டே இருக்கிறது. ஐந்தாவது, உங்களிடம் இருப்பவை: மின்சாரம், இடம், நேரம், பொறுமை, அக்கம்பக்கத்தில் இந்த வேலை தெரிந்த ஒருவர்.

## தேய்த்து, துருமாற்றி தடவி, பிரைமர் பூசுவது

செலவு குறைந்ததும், யாரும் முதலில் தொடங்கக்கூடியதும் இது. கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் உதிரும் துருவை நீக்கி, மிஞ்சியதன் மேல் துருமாற்றி தடவி, உலர்ந்தபின் பிரைமர் (வண்ணத்துக்கு முந்தைய முதல் பூச்சு), மேல்வண்ணம் என்று போகும். துருமாற்றியில் பொதுவாக டானிக் அமிலம் இருக்கும், அல்லது பாஸ்பாரிக் அமிலம் இருக்கும். முன்னது துருவை நீலக் கறுப்பான டானேட்டாகவும், பின்னது பாஸ்பேட்டாகவும் மாற்றுகிறது. இரண்டுமே தொட்ட துருவைத்தான் மாற்றும். தடித்த செதிலுக்கு அடியில் இருக்கும் துரு அப்படியே இருக்கும் என்பதை டப்பாவின் விளம்பரம் சொல்வதில்லை. ஆகவே தேய்ப்பதுதான் வேலை. தடவுவது அதற்குத் துணை மட்டுமே. என் வழக்கம் என்னவென்றால், தேய்த்துப் பளபளக்கும் உலோகத்தை எட்ட முடிகிற இடத்தில் துருமாற்றியே வேண்டாம், நேராக எப்பாக்ஸி பிரைமர் போதும்; குழிக்குள் கறுப்புப் புள்ளிகள் மிஞ்சும் அரிதுருவுக்குத்தான் மாற்றியைப் பயன்படுத்துவேன்.

இங்கே மறைந்திருக்கும் செலவு வானிலை. நம் ஊர்க் கோடையில் காலையில் தேய்த்த வெற்றுத் தகடு மாலைக்குள் மஞ்சள் பூத்துவிடும். தகட்டின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 பாகை செல்சியஸ் மேலே இருந்தால்தான் பூச வேண்டும் என்பது பூச்சு வேலையில் உலகெங்கும் உள்ள விதி. டிசம்பர், ஜனவரி மாதங்களில் கராஜுக்குள் அந்த இடைவெளி கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. மே முதல் ஆகஸ்டு வரைதான் நமக்கு வேலைக்காலம். உள்நாட்டிலிருந்து சூடாக இறங்கும் பெர்க் காற்று வீசும் நாளில் காற்று மிகவும் வறண்டிருக்கும் என்று நினைத்து அன்றைக்கே எல்லாவற்றையும் பூசத் தொடங்கிவிடாதீர்கள். பெரும்பாலும் அதன் பின்னாலேயே குளிர்முனை (குளிர்காற்றுத் திரள்) வந்து, மறுநாள் ஈரக்காற்றும் மழையும் சேர்ந்துவிடும், முழுதாக இறுகாத பூச்சு அதில் மாட்டிக்கொள்ளும். பெர்க் காற்று நாளைத் தேய்ப்பதற்கும் உலர்த்துவதற்கும் வைத்துக்கொள்வேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாஸ்பாரிக் அமிலத்தின் மிச்சம் தகட்டில் இருந்தால் எப்பாக்ஸி பிரைமர் சரியாகப் பிடிக்காமல் பின்னாளில் தோலாக உரியக்கூடும். அமில வகையைப் பயன்படுத்தினால் டப்பாவில் சொன்னபடி கழுவி நடுநிலைப்படுத்துங்கள். அல்லது அதோடு ஒத்துப்போகும் பிரைமரையே வாங்குங்கள். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல் நனைத்துத் தேய்ப்பதும், குழந்தைகளைக் கராஜுக்கு வெளியே நிறுத்துவதும் அவசியம்.

மேல்துருவுக்கும், மறுபக்கம் எட்டக்கூடிய அரிதுருவுக்கும் இதுவே நல்ல வழி. ஓட்டை விழுந்த இடத்திலும், பெட்டிச் சட்டத்தின் உட்புறத்திலும் இது வெறும் தள்ளிப்போடல்.

## கழற்றக்கூடிய பாகங்களை ஊறவைப்பது

கீல், பம்பர் பிடி, இருக்கைச் சட்டம் போன்ற கழற்றக்கூடிய பாகங்களுக்கு நம் மாகாணத்தில் கைக்கு அருகிலேயே ஒரு மருந்து உண்டு. 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கியவர்கள் எந்தக் கரும்புத் தோட்டங்களில் உழைத்தார்களோ, அந்தக் கரும்பின் கழிவுப்பாகான மொலாசஸ்தான் அது. மாட்டுத் தீவனக் கடைகளில் கிடைக்கும். ஒரு பங்கு பாகுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து இரண்டு மூன்று வாரம் பாகத்தை மூழ்கவைத்தால், நல்ல இரும்பை அதிகம் தொடாமல் துருவை மட்டும் கரைத்துக்கொள்ளும். அலுமினியம், துத்தநாக வார்ப்பு ஆகியவற்றை அதில் போடக் கூடாது; அவற்றைத் தின்றுவிடும். நாற்றம் கடுமையாக இருக்கும், எறும்பும் கொசுவும் தேடி வரும். மூடியுள்ள டிரம்மை வீட்டிலிருந்து தள்ளி வையுங்கள்.

அவசரமென்றால் மின்னாற்பகுப்பு ஒரே இரவில் வேலையை முடிக்கும்: சலவைச் சோடாக் கரைசல், 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனை பாகத்துக்கு, நேர்முனை ஒரு பழைய இரும்புத் துண்டுக்கு. நேர்முனையில் துருப்பிடிக்காத எஃகை மாட்டினால் நஞ்சான குரோமியம் கரைசலில் கலக்கும்; சோடாவுக்குப் பதில் உப்பைப் போட்டால் குளோரின் வாயு வரும்; வெளிவரும் ஹைட்ரஜன் எரியக்கூடியது என்பதால் திறந்த வெளியில் செய்ய வேண்டும். புதுவகைத் தானியங்கிச் சார்ஜர்கள் பேட்டரி இணைந்திருந்தால்தான் மின்சாரம் தரும் என்பதால், பழைய சார்ஜர் ஒன்றைத் தேட வேண்டியிருக்கும். இரண்டில் எதுவானாலும் வெளியே எடுத்த பாகத்தை உடனே கழுவி, உலர்த்தி, அன்றே பிரைமர் பூசுங்கள்.

## ஃபைபரும் பட்டியும்

ஓட்டையின்மேல் கண்ணாடியிழை விரித்து, பிசின் தடவி, பட்டி வைத்துத் தேய்த்து, வண்ணம் அடித்துவிட்டால் இரண்டு நாளில் கார் புதிதுபோல் நிற்கும். தீப்பொறி இல்லை, வெல்டிங் இயந்திரம் வேண்டாம், கை பழகியவர் இல்லாமலும் செய்யலாம். மிகப் பலர் இதைத் தேர்ந்தெடுப்பதற்கான காரணம் எனக்குப் புரிகிறது. எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது.

என் அப்பாவின் பீட்டிலுக்கு 1990களில் ஒரு பட்டறையில் இடப்பக்க ஹீட்டர் சேனலைச் "சரிசெய்து" கொடுத்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஜாக்கில் தூக்கியபோது கதவு திறக்க மறுத்ததால் நான் அதைத் தோண்டினேன். விரல் தடிமனுக்குப் பட்டி; அதற்கடியில் ஃபைபர்; அதற்கும் உள்ளே, சேனலின் வெற்றிடத்தை அடைப்பதற்காகத் திணிக்கப்பட்ட செய்தித்தாள் உருண்டைகள். அந்தத் தாள் மழைத்தண்ணீரை உறிஞ்சி, ஒவ்வொரு நாளும் உள்தகட்டுக்கு ஊட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. பட்டியும் ஈரத்தை இழுக்கும் தன்மை உடையதுதான். அப்பா அந்தக் காரில் எங்களை ஏற்றிக்கொண்டு ஐந்து பேராக பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை போய்வந்திருக்கிறார். அதை நினைக்கும்போது இன்றும் என் நெஞ்சு பதைக்கிறது.

அதனால் இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை: சுமை தாங்கும் இடத்தில் ஃபைபர் வைப்பது பழுதுபார்ப்பது ஆகாது, மறைப்பதுதான். மோதலில் சட்டம் மடங்கிச் சக்தியை உள்வாங்க வேண்டும். ஃபைபர் துருவிலிருந்து பிரிந்து விலகிவிடும். இந்நாட்டில் தனியார் காருக்கு ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை கிடையாது. உரிமை மாறும்போதுதான் சாலைத் தகுதிச் சான்றிதழ் தேவைப்படுகிறது. ஆகவே ஒரே குடும்பத்தில் இருக்கும் காரில் இப்படி மறைக்கப்பட்ட துரு பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்துவிடும்.

ஆனாலும் பட்டிக்கு நேர்மையான இடம் உண்டு. பற்றவைத்து முடித்த தகட்டின் மேடுபள்ளத்தைச் சமன்செய்ய, எப்பாக்ஸி பிரைமரின் மேல், இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மிகாமல் மெல்லியதாகப் பட்டி பார்ப்பது முறையான வேலை. மட்கார்டின் ஓரத்தில் ஊசித்துளை அளவு ஓட்டை விழுந்து, வேறு மட்கார்டு கிடைக்கும்வரை ஓராண்டு ஓட்ட வேண்டுமென்றால் ஃபைபரும் போதும். அது தற்காலிகம் என்பதை எழுதி வையுங்கள், விற்கும்போது வாங்குபவரிடம் சொல்லுங்கள்.

## வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைப்பது

நிலைத்து நிற்கும் வழி இது ஒன்றுதான். கற்றுக்கொள்ள நாளாகும் வழியும் இதுவே. கெட்ட உலோகத்தை, கண்ணுக்குத் தெரியும் துருவைத் தாண்டி ஓர் அங்குலமாவது நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுக்க வேண்டும். அட்டையில் அளவெடுத்து, அதே தடிமனில் தகடு வெட்டி, மூலைகளை வளைவாக்கி, ஓட்டையில் உட்காரவைத்துப் பற்றவைக்க வேண்டும். உடற்தகட்டுக்குச் சாதாரணமாக 0.8 முதல் 1 மில்லிமீட்டர் வரை தடிமன் போதும். சட்டப் பகுதிக்கு அதைவிடத் தடித்தது வேண்டும்.

வீட்டுக்கு ஏற்றது, கம்பி தானாக வந்து உருகி ஒட்டும் மிக் வெல்டிங். 0.6 மில்லிமீட்டர் கம்பியும், ஆர்கான், கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயுவும் வைத்தால் மெல்லிய தகட்டில் ஓட்டை போடாமல் ஒட்டப் பழகலாம். மெல்லிய தகட்டுக்குத் தேவையான மின்னோட்டம் குறைவு என்பதால், சிறிய இன்வெர்ட்டர் இயந்திரம் வீட்டுப் பிளக்கிலேயே ஓடும். வாயு இல்லாமல் ஓடும் கம்பியும் உண்டு. காற்றோட்டமான முற்றத்தில் அது வசதிதான், ஆனால் சூடு அதிகம், தெறிப்பு அதிகம், மெல்லிய தகட்டில் புதியவருக்கு அது கைகொடுக்காது. நீளமாக ஒரே கோடாக ஓட்டக் கூடாது. ஒரு பொட்டு இங்கே, அடுத்த பொட்டு எதிர்ப்புறம், கை வைக்கும் சூட்டுக்கு ஆறும்வரை காத்திருந்து அடுத்தது என்று போக வேண்டும். அவசரப்பட்டால் தகடு அப்பளம்போல் நெளிந்துவிடும். ஒன்றின்மேல் ஒன்றாகத் தகட்டைப் படியவைத்து ஒட்டுவது எளிது, ஆனால் இடையில் உருவாகும் மடிப்பில் ஈரம் தங்கும். கடற்கரையில் இருப்பவர்கள் முடிந்த இடமெல்லாம் விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டப் பழகுங்கள்; முடியாத இடத்தில் ஒட்டுவதற்கு முன் துத்தநாகப் பிரைமரும், ஒட்டியபின் இணைப்பு அடைப்பானும் கட்டாயம்.

பீட்டிலின் ஹீட்டர் சேனலை மாற்றுபவர் ஒன்றை மறக்கவே கூடாது. வெட்டத் தொடங்குமுன் கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்து உடற்கூட்டை இறுக்கிவிட வேண்டும். உடற்கூடு தரைச்சட்டத்தோடு போல்ட்டால் இணைந்திருக்கும் நிலையிலேயே, ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். கதவை மாட்டி, இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா என்று பார்த்த பிறகே இறுதியாக ஒட்ட வேண்டும். இதைச் செய்யாமல் வெட்டினால் கூடு தொய்ந்துவிடும். பிறகு எந்தக் கதவும் தன் இடத்தில் உட்காராது. பின்னிருக்கையின் கீழ் வலப்பக்கம் பேட்டரி அமரும் இடமும் அமிலக் கசிவால் பெரும்பாலும் அரித்துப்போயிருக்கும். அதையும் இந்த வேலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே செய்யும் காப்பு, வெளியே செய்வதைவிட முக்கியம். ஒட்டும் சூட்டில் பெட்டியின் உட்பக்கப் பூச்சு எரிந்துபோகும். அங்கே மெழுகுக் காப்பை நீண்ட குழாயால் பீய்ச்சாமல் மூடினால், புதுத் தகடும் பழைய தகட்டின் வழியிலேயே போகும். வடிதுளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

மறைந்த செலவுகளின் பட்டியல் இந்த வழியில்தான் நீளமானது. இயந்திரத்தின் விலையைக் கேட்டு வருகிறவர்கள் வாயு உருளை வாடகை, முகக்கவசம், தோல் கையுறை, அரைப்புத் தட்டுகள், தாங்குகால்கள், தீயணைப்பான் ஆகியவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பழகுவதற்கு வீணாகும் தகடும் வார இறுதிகளும் செலவுதான். 2022, 2023 ஆண்டுகளில் சுழற்சி மின்வெட்டின் அட்டவணையைப் பார்த்துப் பார்த்து வேலை செய்த அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. பாதி ஒட்டிய சட்டத்தோடு கார் நிற்கும்போது மின்சாரம் போனால் தாங்குகால்களின் மேல் அதைப் பத்திரமாக நிறுத்தும் ஏற்பாடு முன்பே இருக்க வேண்டும்.

உயிருக்கான எச்சரிக்கைகளைச் சுருக்கிச் சொல்ல மனம் வரவில்லை. பீட்டிலின் பெட்ரோல் தொட்டி முன்பானட்டின் கீழே இருக்கிறது; முன்பக்கத்தில் பற்றவைக்குமுன் அதைக் கழற்றி வீட்டுக்கு வெளியே வையுங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள். அடிப்பூச்சுத் தாரும் ஒலித்தடுப்பு அட்டையும் மெதுவாகக் கனன்று, நீங்கள் சாப்பிடப் போன பிறகு தீப்பிடிக்கும். வேலை முடிந்தபின் ஒரு மணி நேரமாவது பக்கத்தில் இருங்கள். துத்தநாகம் பூசிய தகட்டை ஒட்டும் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். ஒட்டும் இடத்தில் பூச்சைச் சுரண்டிவிட்டு, காற்றோட்டத்தில் செய்யுங்கள். குளோரின் கலந்த பிரேக் துடைப்பு திரவத்தால் துடைத்த இடத்தில் பற்றவைக்கவே கூடாது. வெல்டிங் கதிரிலும் சூட்டிலும் அது போஸ்ஜீன் என்ற கொடிய நச்சு வாயுவாக மாறும். இரு கூறு மேல்வண்ணங்களில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியது. அதைப் பீய்ச்ச வெளிக்காற்று ஊட்டும் முகமூடி வேண்டும், அது இல்லாதவர்கள் மேல்வண்ணத்தை மட்டுமாவது வெளியே கொடுத்து அடிக்கச் சொல்லுங்கள்.

## பாகத்தையே மாற்றுவது

பீட்டிலின் நான்கு மட்கார்டுகளும் போல்ட்டால் மாட்டப்பட்டவை. அதனால் அரித்துப்போன மட்கார்டை ஒட்டுப்போட்டுக் காப்பாற்றுவதைவிட, உள்நாட்டில், குறிப்பாக ஈரம் குறைந்த ஹைவெல்ட் பக்கத்தில் கிடந்த காரிலிருந்து அசல் மட்கார்டு ஒன்றைத் தேடி வாங்குவது பெரும்பாலும் மலிவு. புதிதாக அடிக்கப்பட்டு வரும் பாகங்களில் பல, அசலைவிட மெல்லியவை. அவற்றைப் பொருத்தத் தட்டிச் சரிக்கட்டும் நேரத்தையும் செலவில் சேருங்கள். பழைய போல்ட்கள் திருகும்போதே முறிந்து, பெட்டிக்குள் நட் சுழலத் தொடங்கும் என்பதையும் எதிர்பார்த்திருங்கள்; வாரம் முழுக்க எண்ணெய் விட்டு ஊறவைத்தால் பாதி தொல்லை குறையும்.

## பேனல் பீட்டரிடம் கொடுப்பது

பேனல் பீட்டர் என்பவர் காரின் உடற்தகடுகளைச் சரிசெய்யும் பட்டறைக்காரர். பெரிய பட்டறைகளுக்குக் காப்பீட்டு மோதல் வேலைதான் நிலையான வருமானம். பழைய காரின் துருவேலை எப்போது முடியும் என்று சொல்ல முடியாது, திறக்கத் திறக்கப் பெருகும். ஆகையால் உங்கள் கார் மூலையில் மாதக்கணக்கில் நிற்க நேரலாம். கொடுப்பதென்றால் கட்டங்களாகப் பணம் தருவதாகப் பேசுங்கள். வெட்டியபின் ஒன்று, ஒட்டியபின் பட்டி பார்க்குமுன் ஒன்று எனப் படம் எடுத்துத் தரக் கேளுங்கள். அந்த இரண்டாவது படம்தான் நீங்கள் கொடுக்கும் பணத்துக்குச் சாட்சி.

இதற்கும் வீட்டு வேலைக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. நான் பலருக்கும் அதைத்தான் சொல்கிறேன். கழற்றுவது, தேய்ப்பது, வெட்டுவது, அளவெடுப்பது, காப்புப் பூசுவது என்று நேரம் தின்னும் வேலை எல்லாவற்றையும் நீங்களே செய்துவிட்டு, ஒட்டுவதற்கு மட்டும் தேர்ந்தவர் ஒருவரை ஒரு சனிக்கிழமைக்கு வீட்டுக்கு அழைப்பது. தெற்கு டர்பன் ஆலைகளிலும் சர்க்கரை ஆலைகளிலும் பாய்லர்மேக்கராக (கொதிகலன் செய்பவராக) வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமாக்கள் நம் தெருக்களில் குறைவில்லை. அவர்களில் தடித்த தகட்டிலேயே பழகியவர்களுக்கு 0.8 மில்லிமீட்டர் தகடு வேறு கலை என்பதால், முதலில் ஒரு வீண் தகட்டில் ஒட்டிக்காட்டும்படி மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | ஏற்ற இடம் | சுமை தாங்கும் இடத்தில் | மறைந்த செலவு |
|---|---|---|---|
| தேய்த்துப் பூசுவது | மேல்துரு, எட்டக்கூடிய அரிதுரு | ஓட்டை இல்லாவிட்டால் மட்டும் | வானிலைக்குக் காத்திருப்பு |
| ஊறவைப்பது | கழற்றக்கூடிய இரும்புப் பாகங்கள் | துரு எடுத்தபின் தடிமன் மிஞ்சினால் | நாற்றம், வாரக்கணக்கான நேரம் |
| ஃபைபர், பட்டி | மட்கார்டில் ஊசித்துளை, தற்காலிகமாக | கூடவே கூடாது | அடியில் வளரும் துரு, விற்கும்போது சான்றிதழ் |
| வெட்டிப் பற்றவைப்பது | ஓட்டை விழுந்த எந்த இடமும் | இதுவே வழி | வாயு, கருவி, பழகும் காலம், தீ ஆபத்து |
| பாகம் மாற்றுவது | போல்ட்டில் நிற்கும் பாகங்கள் | பொருந்தாது | பொருத்தம், முறியும் போல்ட் |
| பேனல் பீட்டர் | பரவலான, ஆழமான துரு | படச் சான்றோடு | காத்திருப்பு, பெருகும் கட்டணம் |

## மூவருக்கும் நான் சொன்னது

சாட்ஸ்வொர்த் தம்பியின் காரில் இரண்டு சேனல்களிலும் திருப்புளி உள்ளே போனது. தரைத் தகட்டில் பேட்டரி மூலை மட்டும் போயிருந்தது. தலைப்பகுதி உறுதியாக இருந்தது. அவருக்கு வயதும் நேரமும் இருக்கின்றன. ஒட்டக் கற்றுக்கொள்ளும் ஆவலும் இருக்கிறது. முதலில் பேட்டரி மூலையில் கை பழகட்டும், அது நன்றாக வந்தால் சேனலுக்கு மாமா ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாக முடிக்கட்டும் என்றேன். ஆகஸ்டுக்குள் இரண்டு பக்கமும் முடியாவிட்டால் இரண்டாம் பக்கத்தை அடுத்த ஆண்டு மே மாதத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அமன்சிம்தோட்டிக்காரர் விரைவாக ஃபைபர் வைத்து விற்றுவிடலாமா என்று கேட்டார். அவருடைய கார் சேனலில் கையை விட்டால் மறுபக்கம் வெளியே வரும் நிலையில் இருக்கிறது. மூடி மறைத்துச் சான்றிதழ் வாங்கினாலும், அதை வாங்கப்போகும் குடும்பத்தின் பிள்ளைகள் அந்தச் சட்டத்தை நம்பித்தான் உட்காரப்போகிறார்கள் என்பதை அவரிடம் நேராகவே சொன்னேன். துருவைத் திறந்து காட்டி, மீட்டெடுக்கத் தெரிந்த ஒருவருக்கு அப்படியே, குறைந்த விலைக்கு விற்பதுதான் அவருக்கு நல்லது. ஒட்டும் செலவு காரின் விலையைத் தாண்டும் இடத்தில் அதுவே நட்டம் குறைந்த கணக்கும் ஆகும். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

வெருலம் அக்காவின் கார் மூன்றிலும் நல்ல நிலையில் இருந்தது. சேனல்கள் கெட்டி, தரையில் மேல்துரு மட்டும். ஓட்டப்போவதில்லை என்பதால் வெட்டும் வேலை எதுவும் வேண்டாம். தரையைத் தேய்த்து எப்பாக்ஸி பிரைமர் பூசி, சேனலுக்குள் மெழுகு பீய்ச்சி, பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்தோம்; காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையை எடுத்துவிட்டு, மூச்சுவிடும் துணி உறையைப் போட்டோம், ஏனென்றால் பிளாஸ்டிக்கின் அடியில் இரவுதோறும் பனி கோத்துக்கொள்ளும். மூன்று சனிக்கிழமைகள் ஆயின. கடைசி நாள் அக்கா தம் கையாலேயே டாஷ்போர்டைத் துடைத்து, சாவியைப் பூஜை அறையில் கணவரின் படத்துக்குக் கீழே வைத்தார்.